நைனாவின் பட்டறைக்குள் ஒரு எட்டு!

புதூர்க் கடைவீதியில், வத்தல் மூடைகள் அடுக்கிக் கிடக்கிற இடத்தில் நின்று யாராவது ஒரு சம்சாரியிடம் ‘இந்த வருசம் மழை எப்படி?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வரியில் பதில் வரவே வராது! புரட்டாசியில் நம்பி விதைத்தது, ஐப்பசி வரைக்கும் வானத்தைப் பார்த்தது, பயிர் முளைத்ததும் மான் வந்து மேய்ந்தது, காப்பீட்டுப் பணத்துக்கு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியது, அங்கே இருந்தவர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காகிதமாகக் கேட்டது என்று கதை நீண்டுகொண்டே போகும். ஆபீசர் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டுவார். பக்கத்தில் நிற்பவர் ஒரு வார்த்தையைச் சொருகுவார். நஷ்டக் கணக்கைக் கேட்க வந்த நாம் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருப்போம்!

விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று விரிந்து கிடக்கிற இந்தக் கரிசல் காடு முழுக்க இப்படிப் பேசுகிறவர்கள்தான். அந்தப் பேச்சை அப்படியே அள்ளிக் காகிதத்தில் போட்டு, சிரிப்பு சிந்தாமல் ஊர் உலகத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். கி.ரா. என்பது இலக்கிய உலகத்துக்கு. அன்பாகப் பழகியவர்களுக்கு நைனா.

கதையைப் படித்துச் சிரிப்பது ஒரு சுகம். அந்தக் கதை எப்படித் தயாரானது, என்னென்ன கருவி, யார் யார் கூட்டாளி என்று பின்பக்கமாய்ப் போய் எட்டிப் பார்ப்பது அதைவிடப் பெரிய சுகம். வாங்க, சத்தம் போடாமல் நைனாவின் பட்டறைக்குள் நுழைந்து பார்த்துவிடுவோம்!

ஒரே ஊர், ஒரே மாதம், ரெண்டு பேர்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற சாலையில், நாலாட்டின்புத்தூரைத் தாண்டினால் இடைசெவல். சின்ன ஊர். 1923ஆம் வருசம் செப்டம்பர் மாதம் இந்த ஊரில் நடந்ததைக் கேளுங்கள். 16ஆம் தேதி ஒரு குழந்தை பிறக்கிறது. ஒரே வாரம் கழித்து, 23ஆம் தேதி இன்னொரு குழந்தை. முதல் குழந்தை கி.ரா., இரண்டாவது கு. அழகிரிசாமி! வளர்ந்து பெரியவர்களாகி இரண்டு பேருமே சாகித்திய அகாதெமி விருது வாங்கினார்கள். அழகிரிசாமிக்கு 1970இல், அவர் மறைந்த வருசத்தில், ‘அன்பளிப்பு’ தொகுப்புக்காக. கி.ரா.வுக்கு 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக. இப்படி ஒரு விளைச்சலை எந்த ஊர் கண்டிருக்கும்!

இன்னும் ஒரு விசேஷம். இரண்டு பேர் வீட்டிலும் பேசியது தெலுங்கு. தெருவில் இறங்கினால் தமிழ். இரண்டு மொழியின் கேலியும் கிண்டலும் தாலாட்டும் வசவும் அவர்கள் காதில் ஒன்றாக வந்து விழுந்தன. கி.ரா.வின் பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றுபோனது. மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் மழையையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததாகவும் அவரே சொல்லுவார். இளம்வயதில் காசநோய் வந்து அவரைப் படுக்கையில் போட்டது. ஓடியாட முடியாத அந்த உடம்புக்கு வாய்த்த பெரிய சொத்து காது. கிடந்த இடத்திலிருந்தே ஊர்ப் பேச்சு முழுவதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது அந்தக் காது.

பேச்சை மட்டுமா கேட்டது? சங்கீதத்தையும்தான்! ஒரே ராகத்தை மணிக்கணக்காக விரித்துப் பாடுகிற விளாத்திகுளம் சுவாமிகள், கோவில்பட்டியில் குடியிருந்த நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் இவர்களையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டு ரசித்தவர் கி.ரா. எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது, எங்கே சட்டென்று இறங்குவது என்பது அவர் வாக்கியங்களுக்குள் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

முதல் கருவி: ஒரு கடுதாசி

பட்டறையில் முதலில் கண்ணில் படுவது கடிதக்கட்டு! கி.ரா. கதை எழுத வருவதற்கு முன்னால் கடிதம் எழுதினார். கதை எழுத வந்த பிறகும் கடிதத்தை விடவில்லை. அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னைக்குப் போனார், மலேயாவுக்குப் போய் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தார். ஊரிலேயே தங்கிவிட்ட கி.ரா.வுக்கும் அவருக்கும் நடுவே கடிதங்கள் போய் வந்தன. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. இருந்தார். நேரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே கடிதம் எழுதுகிறவர் அவர். அந்த வட்டத்துக்குள் போய் உட்கார்ந்த கி.ரா.வுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறு வேண்டுமா?

கடிதம் எழுதுகிறவனுக்கு எதிரே ஒரு ஆள் இருக்கிறான். அவனுக்கு எது புரியும், எதற்குச் சிரிப்பான், எங்கே ‘அப்புறம்?’ என்று கேட்பான் என்பதெல்லாம் எழுதுகிறவனுக்குத் தெரியும். கி.ரா.வின் ஒவ்வொரு பக்கத்திலும் இந்த எதிர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆள்தான் நீங்கள்! அதனால்தான் அவர் புத்தகத்தைத் திறந்த நிமிஷமே திண்ணையில் இடம் போட்டு உட்கார வைத்த மாதிரி இருக்கிறது.

பின்னாளில் ஜூனியர் விகடனில் அவர் எழுதிய தொடருக்கு ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்றே பெயர் வைத்தார். எங்கோ இருக்கிற நகரத்து வாசகனுக்குக் கரிசலிலிருந்து வாராவாரம் ஒரு கடுதாசி! ஊருக்குள் கரண்டு வந்தது, பஸ் வந்தது என்று மாறுகிற காலத்தையும் மாறாத மனுசர்களையும் வாசகர்கள் அதில் கண்டு கொண்டாடினார்கள்.

முதல் கதை அச்சில் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. 1958இல் விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’ இதழில் வந்த ‘மாயமான்’. அதற்கு முன்னாலேயே கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து, விவசாயிகள் போராட்டத்தில் நின்று, சிறைக்கும் போய்வந்த ஆள். நிலத்தில் பாடுபட்ட சம்சாரி. அச்சில் வருமுன் முப்பத்தைந்து வருசம் கேட்டுக்கொண்டே இருந்த காது அது. முதல் கதையிலேயே குரல் முழுசாகக் கனிந்து வந்ததில் என்ன ஆச்சரியம்!

நாற்காலியைப் பிரித்துப் பார்ப்போமா?

இப்போது பட்டறையின் நடுவே வந்துவிட்டோம். அவருடைய அங்கதம் எப்படி இயங்குகிறது என்று ஒரு கதையைத் திருகு கழற்றிப் பார்த்துவிடலாம். ‘நாற்காலி’யை எடுத்துக்கொள்வோம். எனக்கு உயிரான கதை!

ஒரு கிராமத்து வீடு. எல்லாம் இருக்கிறது, நாற்காலி மட்டும் இல்லை. ஒரு சப்-ஜட்ஜ் வீட்டுக்கு வருகிறார். பெரிய மனுசரைத் தரையிலா உட்கார வைப்பது? இருந்த முக்காலியைப் போடுகிறார்கள். அது அவரைக் குப்புறத் தள்ளிவிடுகிறது! வீட்டுக்கே அவமானம். உடனே நாற்காலி செய்தாக வேண்டும். எந்த மரத்தில் செய்வது என்று குடும்பமே கூடி விவாதிக்கிறது. ஒன்று நமக்கு, ஒன்று மாமனுக்கு என்று இரண்டு நாற்காலி தயாராகிறது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. தடவிப் பார்க்கிறவர்கள், உட்கார்ந்து பார்க்கிறவர்கள், ஒரே திருவிழா!

அப்புறம் ஒரு ராத்திரி கதவைத் தட்டுகிறார்கள். ஊரில் ஒரு பெரிய மனுசர் இறந்துபோய்விட்டார். பிணத்தை உட்கார வைக்க நாற்காலி வேண்டும்! கொடுக்காமல் இருக்க முடியுமா? போன நாற்காலி கழுவித் திரும்பி வருகிறது. இனி அதில் யார் உட்காருவது? இன்னொரு சாவு, இன்னொரு தட்டல். இந்த வீட்டார் மெதுவாக மாமன் வீட்டுப் பக்கம் கையைக் காட்ட ஆரம்பிக்கிறார்கள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன். படித்தே தீர வேண்டிய முடிவு!

இதில் கி.ரா. செய்திருக்கிற வேலையைக் கவனியுங்கள். கௌரவம், அதிகாரம், சாவு என்கிற மூன்று பெரிய விஷயங்களை ஒரே ஒரு மரச் சாமானில் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்! அதிகாரிக்காகச் செய்த இருக்கை பிணத்துக்கு இருக்கையாகிறது. ஒரு இடத்தில்கூட அவர் குரலை உயர்த்துவதில்லை, நீதி சொல்வதில்லை. கதை சொல்கிறவர் அந்த வீட்டுப் பிள்ளை. தன் வீட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறார். மேலே நின்று குனிந்து பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அவரிடம் கிடையவே கிடையாது.

‘மாயமான்’ கதையைப் பாருங்கள். அரசாங்கக் கடனில் கிணறு வெட்டி வாழ்ந்துவிடலாம் என்று நம்பிய சம்சாரி, கடனாலேயே நொடித்துப் போகிறார். ‘வேட்டி’யில், தேச விடுதலைக்காகச் சிறைக்குப் போய்வந்த தூங்கா நாயக்கருக்குச் சுதந்திர நாட்டில் மிஞ்சியது கிழிசல் விழுந்த ஒற்றை வேட்டி. ‘கதவு’ கதையில், பிள்ளைகள் ஏறி ஆடி விளையாடுகிற வீட்டுக் கதவைத் தீர்வை பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று வருகிறது. அதற்குப் பிறகு நடப்பதைப் படித்தால் நெஞ்சு அடைத்துப்போகும். திட்டம், சுதந்திரம், வரி எல்லாம் பெரிய பெரிய விஷயங்கள். கி.ரா.வின் கையில் அவை கிணறாகவும் வேட்டியாகவும் கதவாகவும் வந்து நிற்கின்றன. கையால் தொட்டுப் பார்க்கலாம்! சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

ஊர்க்கூட்டமே ஒரு நாவல்

சிறுகதையில் ஒரு வீடு என்றால் நாவலில் ஒரு ஊர்! 1976இல் ‘கோபல்ல கிராமம்’ வெளிவந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து உயிருக்குத் தப்பி ஓடிவந்த குடும்பங்கள், காட்டைத் திருத்தி ஊராக்கிய கதை. அந்தப் பழங்கதையைச் சொல்வது மங்கத்தாயாரு அம்மாள் என்கிற வயது முதிர்ந்த பூட்டி. ஒரு சரித்திர நாவலை எழுத உட்கார்ந்தவர், சரித்திரத்தைக் கிழவியின் வாயில் கொடுத்துவிட்டார்! ராஜாவும் தளபதியும் ஓரமாய் நிற்க, ஊர்ச் சனங்கள் நடு இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

அந்த ஊரின் ஆட்களைப் பாருங்கள். மண்ணு தின்னி ரெங்க நாயக்கர், வாகடம் புல்லையா, பச்சை வெண்ணெய் நரசய்யா, எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற அக்கையா! பட்டப்பெயர் ஒன்றைச் சொன்னதுமே ஆள் எழுந்து நடமாட ஆரம்பித்துவிடுகிறார். இரண்டு பக்கம் வர்ணிக்க வேண்டியதை ஊர் வைத்த பெயரே முடித்துக் கொடுத்துவிடுகிறது. எங்கள் புதூர்ப் பக்கத்தில் இன்றைக்கும் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் பட்டப்பெயர்தான் வழிகாட்டும். அந்த ஊர் வழக்கத்தை நாவலின் தொழில்நுட்பமாகவே மாற்றிய சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

இரண்டாம் பாகமான ‘கோபல்லபுரத்து மக்கள்’ ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வெள்ளைக்காரன் காலமும் விடுதலைப் போராட்டமும் அந்த ஊருக்குள் நுழைகின்றன. மூன்றாவதாக ‘அந்தமான் நாயக்கர்’. மூன்றையும் வரிசையாகப் படித்து முடித்தால் ஒரு ஊரின் பல தலைமுறையோடு குடித்தனம் நடத்திய நிறைவு கிடைக்கும்.

பட்டறையின் ஒரு மூலையில் இன்னொரு மலை மாதிரி வேலை கிடக்கிறது. கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி! 1982இல் வந்தது. தமிழில் ஒரு வட்டாரத்துப் பேச்சுக்கென்று தனியாக அகராதி செய்யலாம் என்று காட்டிய முன்னோடி முயற்சி அது. பல்கலைக்கழகத் துறையொன்று கூடிச் செய்ய வேண்டியதைப் பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு சம்சாரி முன்னின்று செய்தார். உழவு, ஆடு மாடு, சாப்பாடு, கோபம், கொஞ்சல் எல்லாம் அங்கே வரிசையில் நிற்கின்றன. பின்னால் மற்ற வட்டாரத்து எழுத்தாளர்களும் தத்தம் பகுதிக்கு அகராதி செய்ய அது தெம்பு கொடுத்தது.

வேல்ஸில் ஒரு தையல் கடை

இதே மாதிரி இன்னொரு பட்டறை கடல் தாண்டி இருந்தது தெரியுமா? பிரிட்டனின் மேற்கே வேல்ஸ் நாடு. அங்கே மோல்ட் என்கிற சிறு நகரத்தில் டேனியல் ஓவன் என்று ஒரு தையல்காரர் இருந்தார். 1836இல் பிறந்தவர். மறு வருசமே நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் இறந்துபோனார்கள். சிறுவயதிலேயே தையல் வேலைக்குப் போனார். துணி தைத்துக்கொண்டே ஊர்ப் பேச்சையும் மதச் சண்டையையும் கேட்டு வளர்ந்த மனுசர், ஆங்கிலம் ஓங்கி நின்ற காலத்தில் வேல்ஷ் மொழியில் நாவல் எழுதினார். 1885இல் ‘ரீஸ் லூயிஸ்’, 1891இல் ‘ஈனோக் ஹூஸ்’. இரண்டாவது நாவலில் ட்ரெவர் என்கிற கேப்டன், ஈயமே கிடைக்காத சுரங்கத்தைக் காட்டிக் காட்டியே ஊரிடம் பணம் கறக்கிறான். வேல்ஷ் நாவலின் தந்தை என்று இன்றைக்கும் அவரைக் கொண்டாடுகிறார்கள்.

சம்சாரியை நொடிய வைத்த ‘மாயமான்’ கிணறு இங்கே, ஈயம் தராத சுரங்கம் அங்கே! இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் படித்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஏமாற்றுகிறவனை அடையாளம் காட்டியது, ஏமாந்தவர்கள் பேசுகிற பேச்சை வைத்துத்தான். கைவேலை செய்து பிழைக்கிறவன் காது அதிகாரத்தின் பொய்யைச் சட்டென்று பிடித்துவிடும். மோல்டுக்கும் இடைசெவலுக்கும் இது பொது.

அறுபத்தாறு வயசில் பேராசிரியர்!

பட்டறைக்கு ஒரு கிளை புதுச்சேரியில் இருந்தது. 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் கி. வேங்கடசுப்பிரமணியன், நாட்டுப்புறக் கதைகளைத் தொகுப்பதற்காக கி.ரா.வை அழைத்தார். பட்டமே இல்லாதவருக்குப் பேராசிரியர் நாற்காலி! அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் பிள்ளைகளிடம் சொன்னது, போய்க் கதை கேட்டு வாருங்கள் என்பதைத்தான். பாட்டிமார், தாத்தாமார், ஆடு மேய்க்கிறவர்கள், களையெடுக்கிற பெண்கள் வாயிலிருந்தெல்லாம் கதை வந்து குவிந்தது. பெரியவர்கள் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்கிற பாலியல் கதைகளைக்கூட அவர் ஒதுக்கவில்லை. கழனியூரன் போன்ற தோழர்களோடு சேர்ந்து தொகுத்தார். சனங்களின் சிரிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

புதுச்சேரி லாசுப்பேட்டை வீட்டுக் கதவு யாருக்கும் திறந்தே இருந்தது. பெரிய எழுத்தாளர் போனாலும் முதல் கதை எழுதிய பையன் போனாலும் கணவதி அம்மாளின் உபசரிப்பு ஒன்றுதான். நைனா கேட்கிற முதல் கேள்வி ஊரைப் பற்றித்தான் இருக்கும். பேசப் போனவர்கள் ஒரு கதையைக் கொடுத்து, பத்துக் கதை வாங்கி வந்தார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டியும் கை ஓயவில்லை. ‘அண்டரெண்டப் பட்சி’ அவருடைய கையெழுத்திலேயே புத்தகமாக வந்தது. 2021இல் ‘மிச்சக் கதைகள்’ வந்தது. அதே வருசம் மே 17ஆம் தேதி காலமானார். அரசு மரியாதையோடு இடைசெவல் மண்ணில் அவரை அடக்கம் செய்தார்கள்.

பட்டறை இன்னும் நடக்கிறது

நைனா போட்ட பாதையில் எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? ‘வெக்கை’யும் ‘அஞ்ஞாடி’யும் தந்த பூமணி, ‘சூல்’ எழுதிய உருளைக்குடி சோ. தர்மன், எங்கள் விளாத்திகுளம் பக்கத்துப் பா. செயப்பிரகாசம், கோணங்கி, ச. தமிழ்ச்செல்வன்! பூமணிக்கு 2014இலும் தர்மனுக்கு 2019இலும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குரல். கி.ரா. பார்க்காத வீடுகளுக்குள்ளும் தெருக்களுக்குள்ளும் போய், கரிசலின் இன்னொரு பக்கத்தையும் வலியையும் எழுதியவர்கள் அவர்கள். ஆனால் நம்ம பேச்சை நம்ம பேச்சாகவே எழுதலாம் என்கிற துணிச்சலுக்கு நைனா முன்னத்தி ஏர்.

கி.ரா.வைப் புதிதாகப் படிக்கப் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்! ‘நாற்காலி’யில் ஆரம்பியுங்கள். அடுத்து ‘கதவு’. மனசு கனத்துப்போனால் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யைப் புரட்டுங்கள். ஆட்டுக் கிடைக்குள் நடக்கிற காதலைச் சொல்லும் ‘கிடை’ குறுநாவலைப் படித்துவிட்டு, அதை வைத்து அம்ஷன் குமார் எடுத்த ‘ஒருத்தி’ படத்தையும் பாருங்கள். பிறகு நிதானமாகக் கோபல்ல கிராமத்துக்குள் குடியேறுங்கள். ஒரு நிபந்தனை உண்டு: வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாலு பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் விசேஷம்!

புதூரிலிருந்து கோவில்பட்டி பக்கம் போகிற பிள்ளைகள், 2022 டிசம்பரில் திறந்த கி.ரா. நினைவரங்கத்துக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கள். நைனா சிலையாக நிற்கிறார். திரும்பி வந்ததும் வீட்டில் இருக்கிற தாத்தா பாட்டியிடம் செல்போனை நீட்டி, ஒரே ஒரு கதை கேளுங்கள். வத்தல் காய்ந்த கதை, கடன் வாங்கிய கதை, கிணறு தூர்ந்த கதை, யாருக்கு ஏன் அந்தப் பட்டப்பெயர் வந்தது என்கிற கதை, எதுவாகவும் இருக்கட்டும். அவர்கள் எப்படிச் சொன்னார்களோ அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். நைனா முப்பத்தைந்து வயது வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் இன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்துவிடலாம்!